கடல்நீர்த் தொட்டியும் பாசியும்

தூத்துக்குடியில் வாழ்பவர்களுக்குப் பாசி புதிய பொருளன்று. கடலோரப் பாறையில் கால் வழுக்கி விழுந்தவர்கள் அதனை அறிவார்கள். கரையேற்றிய வள்ளத்தின் அடிப்பலகையைச் சுரண்டும் மீனவர்கள் அறிவார்கள். முத்துக்குளித்தல் நடைபெற்ற நாளில் பார்களில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களும், இன்று சங்கு குளிப்பவர்களும் நன்றாகவே அறிவார்கள். ஆயினும், ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, அதில் சில மீன்களையும் நண்டுகளையும் வளர்த்துப் பார்க்கும்போதுதான், பாசி ஏன் வருகிறது, வந்தது ஏன் போக மறுக்கிறது என்ற கேள்விகள் நம் முன் எழுகின்றன. அக்கேள்விகளுக்கு விடை தேடியபோது நான் ஒரு பெருந்தவறு செய்தேன். அத்தவற்றையும் அஃது எனக்குக் கற்பித்த பாடத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2009-ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் அறிவியல் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி அமைத்தோம். நீளம் 4 அடி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஏறத்தாழ 250 லிட்டர் நீர் கொள்ளும். மீனவரின் வலையில் அகப்பட்ட சிறு மீன்கள் சில, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் சில, கரையோரக் கற்களில் ஒட்டியிருக்கும் சிறு நத்தைகள், இரண்டு இறால்கள். இவையே அத்தொட்டியின் குடிகள். அடியில் மணலும், பழைய கட்டடம் ஒன்றிலிருந்து கிடைத்த சுண்ணாம்புக் கற்களும் இட்டோம்.

தொட்டியில் பவளம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வெளிநாடுகளில் உயிருள்ள பவளத்தையே வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறார்கள். நம் நாட்டில் அது கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவள வகைகள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். கடல் குதிரை, கடல் அட்டை முதலியவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆதலின் எங்கள் தொட்டி பவளமில்லாத தொட்டி. ஆனால் பாசியின் இயல்பை அறிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் மாதத்தில் மணலின் மேல் பழுப்பு நிறத் தூசி படிந்தது. சில வாரங்களில் அது தானே மறைந்தது. பின்பு கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் தோன்றியது. அதனைத் துடைத்துவந்தோம். நான்காவது மாதத்தில் கற்களின்மேல் தலைமயிர் போன்ற பச்சைப் பாசி முளைத்தது. இரண்டே வாரங்களில் அது விரல் நீளத்துக்கு வளர்ந்து, கற்களை முழுவதும் மூடிவிட்டது. நத்தைகள் அதற்குள் சிக்கி நகர முடியாமல் நின்றன. அந்த நேரத்தில் பள்ளிக்கு மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. தொட்டி அழுக்காகக் காட்சியளிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்போது பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் தந்தை சங்கு குளிக்கும் தொழிலாளி. அவன் என்னிடம் வந்து, "சார், தீனி அதிகமாகிவிட்டது என்று தோன்றுகிறது. கொஞ்ச நாள் குறைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டான். நான் அவனுக்குச் செவிகொடுக்கவில்லை. குளத்துப் பாசியை அழிக்க மயில்துத்தம் இடுவார்கள் என்று படித்திருந்தேன். மருந்துக் கடையிலிருந்து சிறிது வாங்கி வரச்செய்து, நீரில் கரைத்து, என் கையாலேயே தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் இறால்கள் இரண்டும் இறந்து கிடந்தன. மாலைக்குள் நத்தைகள் கல்லிலிருந்து கழன்று விழுந்தன. நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்து மாண்டன. மூன்றாம் நாள் மீன்களும் போயின. பாசி வெளுத்துச் செத்தது உண்மை. ஆனால் அது செத்து அழுகியதால் நீர் நாற்றமெடுத்தது. மூன்று வாரங்கள் கழிந்தபின், உயிர் ஒன்றும் இல்லாத அந்தத் தொட்டியின் கண்ணாடியில் மீண்டும் பச்சை படர்ந்தது. அந்தச் சங்கு குளிப்பவரின் மகன் அதைப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனான். அவன் ஏதேனும் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

இதில் நிகழ்ந்தது என்ன என்பதை விளக்குகிறேன். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குச் செம்பு மிகக் கொடிய நஞ்சு. மீனைக் கொல்லாத சிற்றளவுகூட இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். மேலும் சுண்ணாம்புக் கல் செம்பை ஈர்த்து வைத்துக்கொண்டு, பின்னர் நீண்ட காலம் சிறிது சிறிதாக வெளிவிடும். எங்கள் கற்களை நாங்கள் மீண்டும் பயன்படுத்த முடியவில்லை. அது மட்டுமன்று, செத்த பாசியின் உடலிலிருந்த சத்துகள் எல்லாம் நீருக்கே திரும்பின. பாசியைக் கொன்று பாசிக்கு உரமிட்டேன். நோயைத் தீர்க்க விரும்புபவன் முதலில் நோயின் மூலத்தை ஆராய வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த முறையை வகுப்பில் நான் பலமுறை கற்பித்திருக்கிறேன். ஆனால் தொட்டியின் முன் நின்றபோது அதனை மறந்தேன். அடுத்த திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தவறு என்னுடையது என்று மாணவர் அனைவர் முன்னிலையிலும் சொன்னேன்.

இனி, பாசியை இனங்காணும் முறையைப் பார்ப்போம். பாசி என்ற ஒரே பெயரால் நாம் அழைப்பவை உண்மையில் பலவேறு உயிர்கள். அவற்றை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நிறம் என்ன, தொட்டால் எப்படி இருக்கிறது, எங்கே வளர்கிறது, எப்போது தோன்றியது ஆகிய நான்கு கேள்விகள் போதும்.

மணல்மேலும் கண்ணாடிமேலும் பழுப்புத் தூசியாகப் படிந்து, விரலால் தொட்ட அளவில் கலைந்துபோவது டயாட்டம் எனப்படும் நுண்பாசி. அதன் ஓடு சிலிக்கா என்னும் மணற்சத்தால் ஆனது. புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் இது வருவது இயல்பு. நீரில் கரைந்துள்ள சிலிக்கா தீர்ந்தவுடன் பெரும்பாலும் தானே ஒடுங்கிவிடும். இதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. கண்ணாடியில் படரும் மெல்லிய பச்சைப் படலமும் அவ்வாறே. நத்தைகளுக்கு அது உணவு. நாம் பார்க்கும் பக்கத்தை மட்டும் துடைத்து, மற்றப் பக்கங்களை நத்தைகளுக்கு விட்டுவிடலாம்.

நூல்போல் நீண்டு கற்களைப் பற்றி வளர்வது மயிர்ப்பாசி. இது நீரில் சத்து மிகுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பச்சைக் கண்ணாடி மணிபோல் உருண்டையாகத் தோன்றுவது குமிழ்ப்பாசி. இதனைத் தொட்டிக்குள் நசுக்கி உடைக்காமல், அடியோடு பெயர்த்து வெளியே எடுக்க வேண்டும்.

கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில், வழவழப்பான போர்வைபோல் மணலை மூடி, மேலே காற்றுக் குமிழிகளைத் தாங்கி நிற்பது ஒன்று உண்டு. இதனையும் பாசி என்றே சொல்கிறோம். ஆனால் இது பாசியன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. நீலப்பசும்பாசி என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். நீரோட்டம் குறைந்த மூலைகளில் இது விரும்பிக் குடியேறும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலையில் நீர் நன்றாக ஓடும்படி செய்தால் குறையும்.

இறுதியாக, கல்லின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் இளஞ்சிவப்பு நிறத்தில் கெட்டியாகப் படிவது சுண்ணப்பாசி. இதனைச் சுரண்டிவிடாதீர்கள். இது நண்பன். கடலில் பவளப்பாறைகளின் உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாக இறுகச்செய்வதில் இதற்குப் பங்குண்டு. பவளத்தின் இளங்குஞ்சுகள் நிலையாக ஒட்டிக்கொள்ள இடம் தேடும்போது, இப்பாசி படிந்த இடங்களை விரும்பி அமர்வதும் உண்டு.

எல்லாப் பாசியும் பகையன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று ஒன்று உளது. பாறை கட்டும் பவளத்தின் உடலுக்குள்ளேயே நுண்பாசி வாழ்கிறது. அது சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்குப் பெரும்பங்கு கொடுக்கிறது. பவளம் அதற்கு இருப்பிடம் கொடுக்கிறது. கடல் மிகவும் சூடேறும்போது இந்த உறவு முறிந்து, பாசி வெளியேறிவிடுகிறது. பவளம் வெளிறிப்போகிறது. 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் நம் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பவளங்கள் வெளிறின. உள்ளே இருக்கவேண்டிய பாசி போய்விட, பவளம் மடிந்தபின் அதன் எலும்புக்கூட்டின்மேல் வேறு பாசி வந்து படர்கிறது. ஆகவே வேண்டிய பாசி, வேண்டாத பாசி என்பது அதன் இனத்தை மட்டும் பொறுத்ததன்று. அஃது இருக்கும் இடத்தையும் அளவையும் பொறுத்தது.

நிற்க. பாசி ஏன் பெருகுகிறது? அதற்கு மூன்று காரணங்கள். உண்பதற்குச் சத்து வேண்டும், ஒளி வேண்டும், தன்னை மேய்ந்து குறைக்கும் உயிர்கள் இல்லாதிருக்க வேண்டும்.

முதலில் சத்து. நாம் மீனுக்கு இடும் தீனி எங்கே போகிறது? ஒரு பகுதி மீனின் உடலாகிறது. மீதி கழிவாகிறது. உண்ணாத தீனியோ அப்படியே அழுகுகிறது. இவற்றிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. மணலிலும் கல்லிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டும், தீனியிலிருந்து வரும் பாஸ்பேட்டும் வயலுக்கு நாம் இடும் உரத்தின் கூறுகளே. கடலில் அவை பரந்த நீரில் கலந்து, பல உயிர்களால் உண்ணப்பட்டுவிடுகின்றன. 250 லிட்டர் தொட்டியில் அவை போவதற்கு வேறு வழியில்லை. பாசி அவற்றை உண்டு வளர்கிறது.

எங்கள் தொட்டியை மறு ஆண்டு புதிய கற்களுடன் மீண்டும் தொடங்கினோம். இம்முறை அந்த மாணவன் ஒரு குறிப்பேடு வைக்கலாம் என்றான். யார், எப்போது, எவ்வளவு தீனி இட்டார்கள் என்று அதில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வாரத்துக்குப் பின் குறிப்பேட்டைப் புரட்டியபோது எங்களுக்கு வியப்பு காத்திருந்தது. நாளொன்றுக்கு 4 முறை தீனி இடப்பட்டிருந்தது! ஒவ்வொரு வகுப்பு மாணவர் தலைவனும், தானே மீனைக் காப்பவன் என்ற எண்ணத்தில், ஆளுக்கொரு சிட்டிகை இட்டிருக்கிறான். எவனும் தவறு செய்யவில்லை. நால்வரும் சேர்ந்து செய்தது தவறாயிற்று. முதல் தொட்டியிலும் இதுவே நடந்திருக்க வேண்டும். அன்றே நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடங்களில் மீன் உண்டு முடிக்கும் அளவே தீனி என்று வரையறுத்தோம்.

இரண்டாவது, ஒளி. தொட்டி கிழக்கு ஜன்னலை ஒட்டி இருந்தது. காலை வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. தொட்டியை உட்சுவர் ஓரம் மாற்றி, விளக்கை நாளுக்கு 8 மணி நேரம் மட்டும் எரியவிட்டோம்.

இங்கே நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தூத்துக்குடி மாணவர்களுக்கு உப்பளத்தைக் காட்டியே இதனை விளக்கிவிடலாம். பாத்தியில் பாய்ச்சிய கடல்நீர் வெயிலில் வற்றும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. கடல்நீர் உப்பளத் தொழிலாளரின் மானியில் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். அது வற்றி வற்றி ஏறத்தாழ 25 டிகிரி ஆகும்போது உப்பு விளையும். தொட்டியும் ஒரு சிறு பாத்திதான். நீர் வற்றிய இடத்தை மேலும் கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆதலின் வற்றிய அளவுக்கு நன்னீரே ஊற்ற வேண்டும். ஆனால் அந்த நன்னீரில் சத்து கலந்திருந்தால், நாம் அறியாமலே நாள்தோறும் பாசிக்கு உரமிட்டவர்கள் ஆவோம். கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் நைட்ரேட் இருக்கக்கூடும். நாங்கள் கூரையில் பிடித்த மழைநீரையும், அது தீர்ந்தபோது சுத்திகரித்த குடிநீரையும் பயன்படுத்தினோம். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிய கடல்நீர் சேர்த்தோம். அந்நீரைத் துறைமுகத்தருகே எடுக்காமல், ஊருக்கு விலகிய கரையில், கடல் தெளிந்திருக்கும் நாளில் எடுத்து வந்தோம்.

மூன்றாவது, மேய்ப்பு. வளர்ந்த மயிர்ப்பாசியை முதலில் கையால் பிடுங்கி வெளியே எடுத்தோம். நீண்ட பாசியை நத்தை உண்ணாது, இளந்தளிரைத்தான் உண்ணும். பெரியதை நாம் களைந்தால் சிறியதை அது பார்த்துக்கொள்ளும். நெல்வயலில் களை பறிப்பதும் இம்முறையில்தானே? பாசியைக் கொண்டே பாசியை அடக்கும் வழியும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வால்டர் ஏடி என்னும் அறிஞர், தொட்டிக்கு அருகில் தனியே ஒரு தட்டில் விளக்கொளியில் பாசியை வளர்த்து, தொட்டி நீரை அதன்மேல் ஓடவிட்டார். அப்பாசி சத்தை உண்டு வளர்ந்தது. அதை அவ்வப்போது அறுத்து அகற்றியபோது சத்தும் உடன் அகன்றது.

இவ்வாறு செய்தும் எங்கள் தொட்டி உடனே தெளிந்துவிடவில்லை. ஒரு வாரத்தில் பயன் தெரியவில்லை. ஒரு மாதத்திலும் தெரியவில்லை. கற்களின் இயல்பான நிறம் தெரிய 11 வாரங்கள் ஆயின. மயில்துத்தம் ஓர் இரவில் செய்ததைப் பொறுமை 11 வாரங்களில் செய்தது. ஆனால் இம்முறை தொட்டியில் ஓர் உயிரும் சாகவில்லை.

இதுவரை தொட்டியைப் பற்றிச் சொன்னேன். இவையெல்லாம் கடலுக்கும் பொருந்துமா என்று அந்த மாணவன் ஒருநாள் கேட்டான். பொருந்தும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கும் பவளத்துக்கும் பாசிக்கும் இடப்போட்டி நாள்தோறும் நிகழ்கிறது. ஒரா மீனும் கிளிமீனும் பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் அளிக்கின்றன. அம்மீன்களை அளவின்றிப் பிடித்தாலும், நகரத்துக் கழிவுநீரைக் கடலில் விட்டாலும் தராசு பாசியின் பக்கம் சாயும்.

இது வெறும் ஊகமன்று. கரீபியன் கடலில் ஜமைக்கா என்னும் தீவு உண்டு. அங்கே பாசி மேயும் மீன்கள் நெடுங்காலமாக மிகுதியாகப் பிடிக்கப்பட்டு வந்தன. அப்போது மேய்ச்சல் வேலையைச் செய்துவந்தது உடலெங்கும் நீண்ட முட்கள் உடைய கடல் முள்ளெலி. 1983-ஆம் ஆண்டில் ஒரு நோய் பரவி, அம்முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. முன்னரே ஒரு பெரும்புயல் பவளத்தை உடைத்திருந்தது. மேய்வதற்கு யாரும் இல்லாமையால் பாசி எங்கும் படர்ந்தது. 1970-களின் இறுதியில் பாறைப் பரப்பில் பாதிக்கு மேல் இருந்த உயிர்ப் பவளம், 1990-களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைந்துவிட்டது.

நம் வளைகுடாவிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அது வெளியிலிருந்து வந்த பாசியைப் பற்றியது. நம் கரையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டைக்கோரை முதலிய உள்ளூர்ப் பாசிகள் உண்டு. இராமநாதபுரம் கரையில் பெண்கள் பல தலைமுறைகளாக அவற்றைக் கடலில் இறங்கிச் சேகரித்துப் பிழைத்து வருகிறார்கள். பின்னாளில், பிலிப்பைன்ஸ் பகுதியைச் சேர்ந்த கப்பாபைகஸ் என்னும் பாசி ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்ற பசைப்பொருள் பனிக்கூழ், பற்பசை முதலியவற்றில் பயன்படுகிறது. மூங்கில் மிதவைகளில் கட்டினால் ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மண்டபம் பகுதியில் எத்தனையோ மீனவக் குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள், இதனால் வருவாய் பெற்றார்கள். அது பெரிய நன்மை.

ஆனால் மிதவையிலிருந்து அறுந்த துண்டுகள் நீரோட்டத்தில் போகும். ஒரு துண்டே ஒரு புதிய செடியாக வளரும் ஆற்றல் அதற்கு உண்டு. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவில், உயிர்ப் பவளங்களின்மேல் அப்பாசி பற்றி வளர்ந்து, ஒளியை மறைத்து, பவளத்தை மூச்சுத் திணறச் செய்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டு, 2008-ஆம் ஆண்டில் கரன்ட் சயன்ஸ் என்னும் அறிவியல் இதழில் எழுதினார்கள். பின்னர் அருகிலுள்ள வேறு தீவுகளிலும் அது காணப்பட்டது. கடலில் மூழ்கிக் கையால் பிடுங்கி அகற்றுவதே அதற்குச் செய்த வைத்தியம். சிறு துண்டு எஞ்சினாலும் மீண்டும் முளைக்கும். ஆதலின் ஒருமுறை பிடுங்கியதோடு வேலை முடிவதில்லை. குடும்பங்களின் பிழைப்பும் வேண்டும், பவளமும் வேண்டும். இவ்விரண்டையும் காப்பது எப்படி என்பது உங்கள் தலைமுறை விடை காணவேண்டிய கணக்கு. எங்கே வளர்க்கலாம், எங்கே வளர்க்கக் கூடாது என்று எல்லை வகுத்து, அந்த எல்லையை மதித்து நடப்பது அதன் முதல் படி.

வீட்டுத் தொட்டிக்கும் இந்தப் பாடம் உரியது. 1984-ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலோரத்து மொனாக்கோவில், புகழ்பெற்ற கடற்காட்சியகத்தின் அடியில் காலெர்ப்பா என்ற பாசி ஏறத்தாழ 1 சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட வகை அது. 1989-இல் அது 1 ஹெக்டேர் ஆயிற்று. பின்னர்ப் பல நாடுகளின் கரைகளுக்குப் பரவியது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலும் அதே பாசி தோன்றியது. அங்கே உடனே கண்டறிந்து, அதன்மேல் தார்ப்பாய் விரித்து, குளோரின் செலுத்தி, 2006-இல்தான் முற்றும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். 6 ஆண்டுகளும் பெரும் பொருளும் செலவாயின.

எங்கள் பள்ளியிலும் ஒரு நண்பர் வெளியூரிலிருந்து அழகான பாசி ஒன்றைத் தொட்டிக்கென்று கொண்டுவந்து கொடுத்தார். அது விரைவில் பெருகிவிட்டது. களைந்த பாசியை வாளியில் எடுத்த மாணவர்கள், "கடலிலிருந்து வந்தது, கடலுக்கே போகட்டும்" என்று கரைக்குப் புறப்பட்டார்கள். அவர்களை வாசலில் மறித்து நிறுத்தியவன் அந்தச் சங்கு குளிப்பவரின் மகன். "இது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமா? எங்கள் அப்பா மூழ்குகிற பாரில் இது முளைத்தால் யார் பிடுங்குவது?" என்று அவன் கேட்டான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாசியைச் சிமெண்டுத் தளத்தில் பரப்பி, நல்ல வெயிலில் சருகாகக் காயவைத்து, மண்ணில் புதைத்தோம். தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் இதனையே செய்ய வேண்டும். பாசியையோ, தொட்டி நீரையோ, வேண்டாத உயிரையோ கடலிலும் கால்வாயிலும் விடக்கூடாது.

மாணவச் செல்வங்களே, தொட்டியில் பாசி மிகுந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் அது எந்தப் பாசி என்று பாருங்கள். பின்பு குறிப்பேட்டை எடுத்து, தீனி எவ்வளவு, ஒளி எவ்வளவு, நீர் எங்கிருந்து வந்தது, மேய்வதற்கு யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். காரணம் அந்தப் பக்கங்களிலேயே பெரும்பாலும் அகப்பட்டுவிடும். காரணத்தைக் குறைத்தால் பாசி தானே குறையும். உங்கள் அருகில் நிற்கும் ஒருவன், வயதில் சிறியவனாயினும், "தீனி அதிகமோ?" என்று கேட்டால், அவன் கேட்டதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான் அன்று எண்ணிப் பார்த்திருந்தால், இரண்டு இறால்களும் சில நண்டுகளும் நத்தைகளும் மீன்களும் மேலும் சிறிது காலம் உயிரோடு இருந்திருக்கும்.